பீன்ஸ் தமாலே: அடுப்பில் ஏற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பிப்ரவரி 2, கேண்டலேரியா என்ற கிறிஸ்தவத் திருநாள். அன்று மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு தமாலே வேகும். மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, காய்ந்த சோள மடலில் சுற்றி ஆவியில் அவிக்கும் பண்டம் இது. வெந்தது கல்லாக இறுகினாலும் கொழகொழத்தாலும் ஆவிப் பாத்திரத்தைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் பிழை மாவில் இருக்கும்.

கடையில் விற்கும் கார்ன்ஃப்ளார் வெறும் மாச்சத்து. சாதாரண மக்காச்சோள மாவோ காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்தது. பிசைந்தால் ஒட்டாது, வெந்தால் உதிரும். தமாலேக்கு வேண்டியது சுண்ணாம்பு நீரில் வெந்து ஊறிய சோளத்தின் மாவு. சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கழற்றி, மாவுக்குப் பிடிப்பைத் தருகிறது. இந்த மாவைக் காயவைத்துப் பொட்டலமாக விற்பதுதான் மாசா ஹரினா. வீட்டிலேயே செய்வதென்றால் 1 கிலோ காய்ந்த மக்காச்சோளம், 10 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். மெல்லிய கொதியில் 30–40 நிமிடம் வேகவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, தோல் போகக் கழுவி அரைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

அடுத்தது கொழுப்பு. மரபுப்படி பன்றிக் கொழுப்பு. சைவத்துக்கு வனஸ்பதி போதும். அதை உருக்கி ஊற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. உருகிய கொழுப்பில் காற்று தங்காது, தமாலே அடர்ந்து போகும். 500 கிராம் மாசா ஹரினாவை 700–750 மில்லி வெதுவெதுப்பான சாற்றில் கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். இறைச்சியோ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு எதுவானாலும், சூடாக மட்டும் இருக்கக் கூடாது. மாவு ஊறும் நேரத்தில் 200 கிராம் மெத்தென்ற கொழுப்பை வெளுத்துப் பொங்கும்வரை அடியுங்கள், 5 நிமிடமாவது ஆகும். அதில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 2 தேக்கரண்டி உப்பும் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். சுண்டைக்காயளவு மாவைக் குளிர்ந்த நீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடியுங்கள். பச்சை மாவில் உப்பு ஒரு மாற்று தூக்கலாகவே இருக்கட்டும், வெந்தபின் மட்டுப்படும்.

பூரணத்தில் நடக்கும் பிழை ஒன்றுதான்: ஈரம். 250 கிராம் காய்ந்த கறுப்பு பீன்ஸ் விதையோ, புள்ளிகொண்ட பிண்டோ பீன்ஸ் விதையோ ஊறவைத்து வேகவைத்து மசித்து, கொழுப்பில் வதக்கும்போது, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாத பதம் வர வேண்டும். முழுக்க ஆறிய பிறகே மாவில் வையுங்கள். சூட்டில் வைத்தால் மாவிலுள்ள கொழுப்பு உருகும். ராஜ்மாவும் அதே இனம்தான், ஆனால் முதல் 10 நிமிடம் நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும். மெல்லிய சூட்டிலேயே வேகவைத்தால் அதிலுள்ள நச்சு போகாது. தென் மெக்சிகோவின் வஹாக்கா (Oaxaca) மாநிலத்தில் வறுத்த அவகாடோ இலையையும் பீன்ஸுடன் அரைப்பார்கள். அது சோம்பு மணம் வீசும் மெக்சிகோ வகை இலை. மணமில்லாத வேறு வகை இலை நச்சாகலாம் என்பதால், கண்ட மரத்தில் பறிக்காமல் ஒரு சிட்டிகை சோம்பு சேர்ப்பதே நல்லது.

மடலை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து ஈரம் துடைத்து, வழவழப்பான பக்கத்தில் அரை செ.மீ. கனத்துக்கு மாவைத் தடவுங்கள். குறுகிய முனையில் நான்கு விரற்கடை விட்டு, நடுவில் ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்து, பக்கங்களைச் சுற்றிக் குறுகிய முனையை மடித்துவிடுங்கள். இந்த அளவுக்குச் சுமார் 25 வரும்.

இட்லிக் கொப்பரை உயரம் போதாது. திறந்த முனை மேலே இருக்க, தமாலே நின்றபடி வேக வேண்டும். நெருக்கித் திணித்தால் நடுவில் உள்ளவை வேகாது. அடித் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போடுவது மெக்சிகோ வழக்கம்: சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. அப்போது கொதிநீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஆவியை அடக்கிவிடும்.

60 முதல் 90 நிமிடத்தில் மடல் ஒட்டாமல் உரிந்து வரும். எடுத்தவுடன் தொட்டால் கொழகொழவென்றிருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம். 15 நிமிடம் ஆறினால் இறுகிவிடும்.