“கர்த்தருக்குப் பண்டிகை” என்று சொல்லித்தான் கன்றுக்குட்டி வந்தது

வேதபாட வகுப்பில் ‘விக்கிரக ஆராதனை’ என்ற தலைப்பு வந்தாலே பலர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இது நமக்கான பாடம் இல்லை என்ற நிம்மதி. இஸ்ரவேலர் கர்த்தரை விட்டுவிட்டு வேறு தெய்வத்திடம் போனார்கள், நாம் போகவில்லை, அவ்வளவுதானே? முதல் தவறே இதுதான். பெரும்பாலும் அவர்கள் கர்த்தரை விடவில்லை. அவரையும் வைத்துக்கொண்டார்கள்.

யாத்திராகமம் 32-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். மலைக்குப் போன மோசே திரும்பவில்லை, ஜனங்களுக்குப் பொறுமை இல்லை. மோசேயின் அண்ணன் ஆரோன் அவர்களுடைய காதணிகளை வாங்கிக் கன்றுக்குட்டியை உருவாக்குகிறான். அந்தக் கன்றுக்குட்டிக்கு எதிரே பலிபீடம் கட்டி அவன் சொல்வது: “நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை.” அந்நிய தெய்வத்தின் பெயரே அவன் வாயில் வரவில்லை. மோசே வந்து கேட்டதும், பொன்னை அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்கிறான். சிற்பக்கருவியால் அவனே செதுக்கினான் என்று இருபது வசனம் முன்னால்தான் எழுதியிருக்கிறது! பிற்பாடு வடக்கு இஸ்ரவேலின் ராஜாவான யெரொபெயாமும் பெத்தேலிலும் தாணிலும் கன்றுக்குட்டிகளை வைத்து, எருசலேம் வரை போவது உங்களுக்குக் கஷ்டம் என்றுதான் சொன்னான். ஜனங்கள் அங்கே போனால் தன் ராஜ்யம் கைவிட்டுப் போய்விடுமே என்பது அவனுடைய உள்பயம்.

அடுத்த தவறு, பாகாலை வெறும் ‘பொய்த் தெய்வம்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது. பாகால் என்ற சொல்லுக்கு எஜமான், கணவன் என்றும் பொருள் உண்டு. கானானில் அது மழையும் புயலும் தரும் தெய்வத்தின் பெயர். மழையை நம்பிப் பயிர் செய்யும் ஊரில் கர்த்தரும் பாகாலும் ஒன்றாகக் குழம்பிப்போக எவ்வளவு நேரம் ஆகும்? ஓசியா 2:16-இல் கர்த்தர், இனி என்னைப் பாகாலி என்று சொல்லாமல் ஈஷி என்று சொல்லுவாய் என்கிறார். இரண்டுமே ‘என் கணவர்’ என்ற பொருளில் வரும் சொற்கள். அப்படியென்றால் அதுவரை கர்த்தரையே அந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொடுத்தது யார் என்று மனைவியாகச் சொல்லப்படும் இஸ்ரவேலுக்குத் தெரியவில்லை என்பது அதே அதிகாரத்தின் மனக்குறை. ஒரு கணவன் பேசுகிற பேச்சு அது. அதைச் சட்டமீறல் கணக்கில் மட்டும் எழுதினால் பாதி போய்விடும்.

சொல்ல மறந்தேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘விக்கிரகத்தோப்பு’ என்று வாசித்ததும் மாந்தோப்பு மாதிரி ஏதோ ஒன்று மனதில் வரும். மூலத்தில் இருப்பது அசேரா. அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர், அவளுக்காக நட்ட மரக்கம்பத்துக்கும் அதே பெயர். சீனாய்ப் பகுதியில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76-இல் தோண்டியபோது, சுமார் 2,800 ஆண்டுப் பழமையான ஜாடிகள் கிடைத்தன. அவற்றில் கர்த்தரின் பெயரோடு அசேராவும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது.

நல்ல இடத்திலிருந்து வந்த பொருள் கெடுக்காது என்று நினைப்பதும் தவறு. பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி மோசேயிடம் வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவரே தேவன்தான். பல தலைமுறை கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான்.

அப்புறம், இந்த வசனங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரின் பூஜையறையை எட்டிப் பார்ப்பது. தீர்க்கதரிசிகள் இந்த விஷயத்தில் அதிகம் கடிந்துகொண்டது சொந்த ஜனங்களைத்தான். எபேசு பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுலின் கூட்டாளிகள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொல்கிறார். அதே பவுல், சபைக்கு எழுதும்போது பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறார்.

நியாயாதிபதிகள் 17, 18-இல் மீகா என்று ஒருவன். அவன் தாய் கர்த்தருக்கென்று நேர்ந்த வெள்ளியில்தான் அவன் வீட்டுச் சிலை உருவானது. வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு என்று பேசி ஆராதனைப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தானான ஒரு லேவியனையும் ஆசாரியனாக வைத்துக்கொள்கிறான். லேவியனே கிடைத்துவிட்டான், இனி கர்த்தர் எனக்கு நன்மை செய்வார் என்று அவனுக்கு ஒரே திருப்தி. ஒருநாள் தாண் கோத்திரத்தார் வந்து சிலையையும் ஆசாரியனையும் கொண்டுபோகிறார்கள். மீகா பின்னாலேயே ஓடுகிறான். என்ன வேண்டும் என்று அவர்கள் திரும்பிக் கேட்க, நான் செய்த தெய்வங்களைக் கொண்டுபோகிறீர்களே, இனி எனக்கு என்ன இருக்கிறது என்கிறான்.