ஈயப்பற்றா, வெல்டிங்கா? ஒரு பட்டறைச் சொல்லைப் பல மொழிகளில் பின்தொடரும் வழி

ஸ்பானிய மொழியில் உள்ள ஒரு பழுதுபார்ப்புக் கையேட்டில் 'சோல்தார்' என்ற வினை வருகிறது. அகராதியைப் புரட்டினால் 'சால்டர் செய்' என்று போட்டிருக்கும். அதை நம்பி இரும்புச் சட்டத்தின் விரிசலில் ஈயப்பற்று வைத்தால், வண்டி நாலு குலுங்கு குலுங்கியதும் விட்டுப்போகும். கையேடு சொன்னது வெல்டிங்கை. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். இத்தாலிய 'சால்தாரே', பிரெஞ்சு 'சூதே' கதையும் அதுவே.

ஆகவே சொல்லைத் தேடுவதற்கு முன், வேலையைப் பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இணைக்கப்படும் தாய் உலோகம் உருகுகிறதா? உருகினால் வெல்டிங். (உலைக்களத்தில் பழுக்கக் காய்ச்சி அடித்து இணைப்பதும் வெல்டிங்தான், அங்கே தாய் உலோகம் முழுக்க உருகாவிட்டாலும்.)

இரண்டாவது: இடையில் ஓடவிடும் உலோகம் எத்தனை டிகிரியில் உருகுகிறது? 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் சால்டரிங், மேலே என்றால் பிரேசிங். இந்த எல்லை இயற்கை போட்ட கோடு அல்ல, தொழில் வசதிக்காக வகுத்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகும். தனி வெள்ளீயத்துக்கு 232, தனிக் காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும் என்பதைப் பார்த்தால், கலவை ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்று புரியும். மறுமுனையில், 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 780 டிகிரியில்தான் இளகும்.

மூன்றாவது கேள்வி, கூடவே என்ன பூசுகிறார்கள்? இது பலர் கவனிக்காத நல்ல துப்பு. ரோசின் (ஒருவகை மரப்பிசின்) என்று எழுதியிருந்தால் வேலை சால்டரிங். பிரேசிங் சூட்டில் ரோசின் கருகிப்போகும். வெங்காரம் (போராக்ஸ்) என்றால் அது சால்டரிங்காக இருக்க முடியாது. நீர் வற்றிய வெங்காரம் சுமார் 740 டிகிரியில்தான் உருகி ஓடும், ஈயப்பற்றின் சூட்டில் அது வெறும் வெள்ளைப் பொடி. ஆனால் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கொல்லரும் வெங்காரம் தூவுவார்கள். அதனால் வெங்காரம் கண்ணில் பட்டதும் பிரேசிங் என்று முடிவுகட்டாமல் முதல் கேள்விக்கு ஒருமுறை திரும்புங்கள்.

இனி வேர்களுக்கு வருவோம். சால்டர், சோல்தார், சால்தாரே, சூதே நான்கும் 'திடமாக்கு' என்ற பொருள்கொண்ட லத்தீன் 'சோலிதாரே'யின் பிள்ளைகள். எப்படித் திடமாக்குவது என்று அந்த வேர் சொல்லவே இல்லை. பிள்ளை மொழிகள் அதை வெவ்வேறு சூட்டுக்கு எடுத்துக்கொண்டன, குழப்பம் அங்கேதான் பிறந்தது. (ரோமானியத் தங்க நாணயமான 'சோலிதுஸ்' இதே குடும்பம். அதன் வழியாக ஆங்கில 'சோல்ஜர்' கூட இதற்கு ஒன்றுவிட்ட உறவு.)

வெல்டிங்கில் வேர்கள் வேலையைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கின்றன. ஆங்கில 'வெல்ட்' கொதித்துப் பொங்குவதைக் குறித்த 'வெல்' என்ற பழைய வினையின் திரிபு. ரஷ்ய 'ஸ்வார்கா'வுக்குள் இருப்பது 'வாரித்', அதாவது வேகவை, சமை. ஜெர்மானிய 'ஷ்வைசன்' வியர்வைக்கான 'ஷ்வைஸ்' என்ற சொல்லின் உறவு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: ஆங்கிலம் பேசும் குழாய் வேலைக்காரர் 'ஸ்வெட்' செய்தேன் என்றால் செம்புக் குழாயை ஈயப்பற்று வைத்து இணைத்ததாகப் பொருள். வேர் ஒன்று, பொருள் 'வியர்', வேலை மட்டும் நேரெதிர்.

ஜெர்மன் இன்னொரு வகையில் நமக்கு உதவுகிறது. சால்டரிங்கும் பிரேசிங்கும் அங்கே 'லோட்டன்' என்ற ஒரே வினை, முன்னொட்டு மட்டும் மாறும்: 'வைஷ்' என்றால் மென்மை, 'ஹார்ட்' என்றால் வன்மை. முன்னொட்டு இல்லாமல் வந்தால் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சீனத்து 'ஹான்' வெல்டிங், பிரேசிங், சால்டரிங் மூன்றையும் ஒரே குடையில் வைக்கிறது. பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இந்தியில் நகை வேலையில் 'டாங்கா' என்பார்கள். துணியில் போடும் தையலுக்கும் அதே சொல்தான்.

தமிழில் 'பற்றவை' என்றால் அடுப்பும் எரியலாம், உலோகமும் ஒட்டலாம். பாடப்புத்தகத்துப் 'பற்றவைப்பு' வெல்டிங்கைக் குறிக்கும். பேச்சில் வரும் 'ஈயப்பத்து' சால்டரிங். நடுவில் உள்ள பிரேசிங்குக்குப் பட்டறையில் 'பிரேசிங்' என்றே சொல்வதால், அதை அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு. ஆனால் பொற்கொல்லரின் 'பொடி' இருக்கிறது. 'பொடி வைத்து ஊது' என்றால் இணைப்பில் பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயை அதன்மேல் செலுத்தி உருக்குவது. பொடி 450 டிகிரிக்கு வெகு மேலே உருகுவதால் அது கணக்கில் பிரேசிங்.

இதைவிடப் பழைய சொல் 'பற்றாசு', உலோகங்களை ஒட்டவைக்க இடையில் இடும் பொருள். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவிருக்கும். வெண்பாவின் முதல் பகுதியான குறட்பாவும் அதை அடுத்து வரும் தனிச்சொல்லும் பொருந்தாமல் நின்றால், நடுவே ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைப்பார்கள். அந்த அசைக்கு 'ஆசு' என்று பெயர். யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூலின் உரை இதற்குச் சொல்லும் உவமை, ஒட்டாத உலோகங்களைப் 'பற்றாசிட்டு விளக்கினாற்போல' என்பது. உவமையைத் தொழில் கண்ணோடு பாருங்கள். குறளும் மாறவில்லை, தனிச்சொல்லும் மாறவில்லை, சிறிது வெளிப்பொருள் இடையில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. தாய் உலோகம் உருகவில்லை. ஆகவே பற்றாசை வெல்டிங்குக்குப் போடுவது தவறு.

அதே தொடரில் வரும் 'விளக்கு' என்ற வினையையும் தாண்டிப் போய்விடாதீர்கள். தீபம் என்றோ தேய்த்துத் துலக்குவது என்றோ எடுத்தால் வாக்கியம் நிற்காது. மலையாளத்தில் 'விளக்குக' இன்றும் உலோகத்தைப் பற்றுவைத்து இணைப்பதைக் குறிக்கிறது. தமிழ் உரையில் புரியாத சொல்லை உடன்பிறந்த மொழியின் பட்டறையில் தேடுவது எப்போதும் பலன் தரும் வழி. தெலுங்கில் 'அதுகு', கன்னடத்தில் 'பெசுகெ' என்ற சொற்களையும் சேர்த்துப் பாருங்கள்.

வேர் கிடைத்ததும் பொருள் கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். மூன்றாவது கேள்வியில் பார்த்த பூச்சுப் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிளக்ஸ்' என்று பெயர், வேரில் அதற்கு ஓட்டம் என்று பொருள். அதனால் அது உருகிய உலோகத்தை ஓடவைக்கும் எண்ணெய் போல என்று விளக்குவார்கள். உண்மையில் அது மேற்பரப்பின் ஆக்சைடைக் கரைத்து, மீண்டும் காற்றுப் படாமல் மூடுகிறது. ஓட்டம் அதன் விளைவு. பிரெஞ்சுக்காரர் இதையே 'தெகாப்பான்', உரித்தெடுப்பது, என்றும் சொல்வார்கள். வேலையை அந்தச் சொல்தான் சரியாகக் காட்டுகிறது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விவரம் போதும்: வினைவடிவம், தாய் உலோகம் உருகுமா, நிரப்பு உலோகம் உருகும் டிகிரி, கூடப் பூசுவது என்ன. டிகிரி தெரியாத பதிவை மொழிபெயர்ப்பில் பயன்படுத்தாதீர்கள். 'சில்வர் சால்டர்' ஒன்றே போதும் இதற்கு உதாரணம். மின்னணு வேலையில் அது 96.5 பங்கு வெள்ளீயமும் 3.5 பங்கு வெள்ளியும் சேர்ந்த, 221 டிகிரியில் உருகும் கம்பி. நகை வேலையிலும் செம்புக் குழாய் வேலையிலும் அதே பெயர் 600 டிகிரிக்கு மேல் உருகும் கலவைக்குப் போகிறது. பழைய கலவைகள் சிலவற்றில் காட்மியமும் உண்டு, அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். பழைய கையேட்டை மொழிபெயர்க்கும்போது அந்தக் கலவையின் பங்கு அட்டவணையைப் பார்த்து, காட்மியம் இருந்தால் சொல்லுக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையும் எழுதுங்கள்.