கையிலிருக்கும் இணைப்பைச் சிந்தாதீர்கள்: தேடலில் தளத்தைச் சரிய வைக்கும் தவறுகள்

தளத்துக்குப் புதுத் தீம் (தோற்ற வடிவம்) போட்டு, முகவரிகளையும் மாற்றிய சில வாரங்களில் கூகுள் வழியாக வருகிறவர்கள் குறைந்துவிட்டால், நிறையப் பேர் நேரே போவது பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) விற்பவரிடம்தான். பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பல வருடமாக மற்ற தளங்கள் தாமாகவே உங்களுக்குத் தந்த இணைப்புகள் இன்று எங்கே போய் முடிகின்றன? பல தளங்களில் அவை ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இணைப்புகள் உங்கள் எழுத்துக்குக் கிடைத்த சம்பாத்தியம். நிர்வாகத் திரையில் யோசிக்காமல் செய்த ஒரு மாற்றமே அதைத் தொலைத்துவிடும்.

எத்தனை பக்கங்கள், எப்படிப்பட்ட பக்கங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பை எடைபோடும் பேஜ்ரேங்க் முறையை, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு கூகுள் எத்தனையோ அளவுகோல்களைச் சேர்த்துவிட்டது. ஆனாலும் புதுப் பக்கத்தைக் கண்டுபிடிக்கவும் அதன் எடையை ஊகிக்கவும் இணைப்பு இன்றும் உதவுகிறது. ஆகவே இணைப்பு வந்து சேரும் வழியை அடைத்துவிட்டு வேறு எதைச் செய்தாலும் பாதிப் பயன்தான்.

முகவரி மாறும்போது

பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் அதே பொருளைச் சொல்லும் புது முகவரிக்கு 301 ரீடைரக்ட் (வருகிறவரைத் தானாகத் திருப்பிவிடும் விதி) இருக்க வேண்டும். ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று சர்வர் சொல்வதற்கான எண் அது. 302 தற்காலிக மாற்றத்துக்கு உரியது. அதைப் போட்டால் கூகுள் பழைய முகவரியையே தன் தேடல் பட்டியலில் வைத்திருக்கப் பார்க்கும். சோம்பல்பட்டு எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது இன்னும் மோசம். மீன் குழம்பு செய்முறை தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் விட்டால், கூகுள் அதை ‘பக்கமே இல்லை’ என்றுதான் கணக்கில் கொள்ளும். சாஃப்ட் 404 என்பது இதுதான். அந்தப் பக்கத்துக்கு வந்த இணைப்பின் பலன் முகப்புக்குச் சேரும் என்று நம்பி இதைச் செய்கிறார்கள், சேராது. ஈடான பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் 404 அல்லது 410 (‘பக்கம் நீக்கப்பட்டுவிட்டது’) வருவதே நேர்மையானது.

ரீடைரக்ட் சங்கிலியும் கவனிக்க வேண்டியது. 2015-இல் ஒரு மாற்றம், 2019-இல் எச்டிடிபிஎஸ், 2023-இல் புதுப் பெயர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். கூகுள்பாட் (பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரல்) ஒரு சங்கிலியில் 10 தாவல் வரைதான் பின்தொடரும். அவ்வளவு தூரம் போக விடாமல், முதல் முகவரியிலிருந்து கடைசி முகவரிக்கு ஒரே தாவலாக விதியைத் திருத்தி எழுதுங்கள். ரீடைரக்டைக் குறைந்தது 1 ஆண்டாவது விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். டொமைன் (தளத்தின் பெயர்) கையில் இருக்கும்வரை எடுக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. பத்து வருடம் முன்பு யாரோ தந்த இணைப்பை இன்றும் யாராவது சொடுக்கலாம்.

எதை முதலில் சரிசெய்வது? தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் இணைப்புகள் பகுதிக்குப் போய், வெளியிலிருந்து அதிகம் சுட்டப்படும் பக்கங்களின் பட்டியலைத் தரவிறக்குங்கள். அதை, முகவரிகளைச் சோதிக்கும் ஸ்கிரீமிங் ஃபிராக் போன்ற கருவியில் பட்டியல் முறையில் ஓட்டுங்கள். 500 முகவரி வரை இலவசம். 404 என்று வருபவற்றில் மேலே இருப்பவைதான் உங்கள் முதல் வேலை. முகவரியை மாற்றும் முன்பே இந்தப் பட்டியலை எடுத்து வைத்திருந்தால் பாதிச் சுமை குறையும்.

பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறும் தமிழ்ப் பதிவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அதை முகவரியில் சேர்க்காது. ‘பிளாக்-போஸ்ட்’ என்ற சொல்லோடு ஓர் எண்ணை ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ் அதே பதிவுக்கு வேறு பெயர் சூட்டினால் பழைய இணைப்பு மொத்தமும் அறுந்துபோகும். பிளாகர் இறக்குமதிக் கருவி பழைய முகவரியை ஒவ்வொரு பதிவோடும் தனிப்புலமாகச் சேமித்து வைக்கிறது. அதைக் கொண்டு ரீடைரக்ட் விதிகளை எழுதலாம். இன்னும் பிளாகரில் இருப்பவர்கள் சொந்த டொமைனை இப்போதே அங்கேயே இணைத்துவிடுங்கள். இனி வரும் இணைப்புகளாவது உங்கள் பெயருக்கு வரும். நாளைக்கு வேறு இடம் போனாலும் டொமைன் மாறாது.

தமிழ் முகவரியின் 200 இடம்

தமிழில் முகவரி வைப்பது தவறே இல்லை. கூகுள் அதைச் சரியாகப் படிக்கும். ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி எதுவானாலும்) 3 பைட். முகவரியாக மாறும்போது ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோடு 3 எழுத்து இடம். ஆக ஒரு குறிக்கு 9 இடம். ‘வீ’ என்பதில் வகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என இரண்டு குறி, 18 இடம். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்குவது மொத்தமே 200 இடம்.

‘வீட்டுக் கடன் வட்டி குறைப்பது எப்படி’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று சொல்லுக்கு 17 குறி, அதாவது 153 இடம். மூன்று சிறுகோட்டையும் சேர்த்தால் 156. மிச்சம் 44 இடத்தில் நான்கு குறிதான் அடங்கும். முகவரி ‘வீட்டுக்-கடன்-வட்டி-குறை’ என்று அறுந்து நிற்கும். சில வேளை புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஒரே போலத் தொடங்கும் இரண்டு தலைப்புகள் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் இரண்டாவதன் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். வெளியிட்ட பிறகு இதைக் கண்டு பதறி முகவரியைத் திருத்தப் போகிறார்கள். அப்போதுதான் இணைப்பு அறுகிறது. ஒரு தனிப் பதிவின் பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். தளம் முழுவதற்குமான முகவரி அமைப்பை மாற்றினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. வெளியிடும் முன்பே மூன்று சொல்லுக்குள் நீங்களே பெயர் வையுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ‘பொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, சர்வருக்கு வேறு வேறு. யாராவது கையால் தட்டிய தமிழ் முகவரி வேலை செய்யவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

கதவைப் பூட்டிவிட்டுக் கூப்பிடுவது

தளத்தில் தேடுபொறிகளுக்காக வைக்கும் ரோபோட்ஸ் கோப்பும், ஒரு பக்கத்தோடு சேர்த்து வைக்கும் நோஇண்டெக்ஸ் குறிப்பும் ஒன்றல்ல. முன்னது ‘உள்ளே வந்து படிக்காதே’ என்கிறது. பின்னது ‘படித்துக்கொள், பட்டியலில் காட்டாதே’ என்கிறது. ஒரு பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது கூகுள்பாட் உள்ளே வராது. வராததால் நோஇண்டெக்ஸைப் பார்க்காது. வெளியிலிருந்து இணைப்பு இருந்தால் வெறும் முகவரியாக அந்தப் பக்கம் பட்டியலில் தொடர்ந்து தெரியும். எடுக்க வேண்டுமென்றால் ரோபோட்ஸ் தடையை நீக்கி, நோஇண்டெக்ஸை மட்டும் வையுங்கள். ரோபோட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதுவதை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் பொருட்படுத்துவதில்லை.

தலைகீழான விபத்தும் அடிக்கடி நடக்கிறது. சோதனைத் தளத்தில் போட்ட தடை, தளத்தைத் திறக்கும் நாளில் அப்படியே கூட வந்துவிடும். வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புகளின் அடியில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கிறது. அந்த ஒரு டிக், தளம் முழுவதற்கும் நோஇண்டெக்ஸ் போடும். புதுத் தளம் திறந்த அன்றே நான்கைந்து முக்கியப் பக்கங்களைச் சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில் நேரடியாகச் சோதித்துவிடுங்கள்.

விலைக்கு வாங்கிய இணைப்பு

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்காகச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புகள் நட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் அந்தத் தளத்தைத் தேடலில் பின்னுக்குத் தள்ளியது. 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற கூகுள் முறை வந்து இதையே தானியங்கியாகச் செய்யத் தொடங்கியது. 2016 முதல் அது கூகுளின் மைய முறையின் பகுதி. இன்று வாங்கிய இணைப்புகளில் பெரும்பகுதியைக் கூகுள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதாவது பணம் வீண். மோசமானால் கைமுறை நடவடிக்கை, அதாவது கூகுள் ஊழியரே பார்த்து விதிக்கும் தண்டனை வரும்.

விளம்பரத்துக்குப் பணம் வாங்குவது குற்றமல்ல. அந்த இணைப்பில் ஸ்பான்சர்ட் என்ற அடையாளம் இருக்க வேண்டும். வாசகர் கருத்துகளில் வருபவற்றுக்கு யூஜிசி (பயனர் எழுதியது) என்ற அடையாளம். காலாவதியான பழைய டொமைனை வாங்கி, அதன் பழைய பெயரை வைத்துத் தரமில்லாத பக்கங்களை மேலேற்றுவதையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் கொள்கையில் சேர்த்துவிட்டது. ‘இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைக் கையிலெடுத்து விளையாடாதீர்கள். கைமுறை நடவடிக்கை வந்தால், அல்லது நீங்களே காசு கொடுத்து நட்ட இணைப்புகள் இருந்தால் மட்டும் அது தேவை. கண்ட தளமெல்லாம் நம்மைச் சுட்டுகிறதே என்ற பயத்தில் போட்டால், நல்ல இணைப்பையும் நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

உள்ளே இருக்கும் இணைப்பு

நம் கையிலேயே முழுதாக இருப்பது இதுதான், ஆனாலும் கவனிப்பாரில்லை. ‘மேலும் படிக்க’, ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதினால் அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. ‘நெல்லுக்கு அடியுரம் இடும் அளவு’ என்று பொருளையே இணைப்பாக்குங்கள். புதுத் தீம்கள் சிலவற்றில் இணைப்பு போலத் தெரிவது உண்மையில் ஜாவாஸ்கிரிப்ட் பொத்தான். முகவரி தாங்கிய சாதாரண இணைப்புக் குறியாக இல்லாவிட்டால் கூகுள்பாட் அதைப் பின்தொடராது. பொத்தானை அழுத்திப் பார்க்கவும் செய்யாது. ‘இன்னும் காட்டு’ பொத்தானுக்குப் பின்னால் மட்டுமே இருக்கும் பழைய பதிவுகள் இப்படித்தான் அநாதையாகின்றன. பக்கம் 2, பக்கம் 3 என்று உண்மையான முகவரிகளையும் கூடவே வையுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பேச்சு அதிகம், அதன் பங்கு அவ்வளவு இல்லை. முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு கூகுளின் கணக்கில் 0.1-ஐத் தாண்டக்கூடாது. தமிழ்த் தளங்களில் குதிப்புக்குக் காரணம் பல நேரம் எழுத்துரு. தாமதமாக வந்து சேரும் தமிழ் எழுத்துரு, அதுவரை நின்ற எழுத்துருவைவிட அகலமாக இருந்தால் வரிகள் கீழே தள்ளப்படும். ஒரே எழுத்துரு, இரண்டு தடிமன் போதும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டியதை அப்படியே ஒட்டுவதும், அறிவிப்பைப் படமாக மட்டும் போடுவதும் இன்னும் பெரிய இழப்பு. கூகுளுக்கு அங்கே தமிழ் உரையே இல்லை.

இவற்றைத் திருத்தியதும் மறுநாளே இடம் ஏறிவிடாது. கூகுள்பாட் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக மறுபடி வந்து பார்க்க வாரங்கள் ஆகும். பெரிய தளத்துக்கு மாதங்களும் ஆகலாம். அதுவரை முகவரி அமைப்பையும் தளத்தின் தோற்ற வடிவத்தையும் தொடாதீர்கள்.