அம்பாந்தோட்டையில் ஒரு பகல்: கப்பலிலிருந்து இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது 2023 ஜூனில். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். திருகோணமலையில் கோணேசர் கோவில், காங்கேசன்துறையில் கீரிமலை எனப் பக்கத்திலேயே ஏதாவது இருக்கும், தமிழும் இருக்கும். தென்கோடி அம்பாந்தோட்டை அப்படியில்லை. பார்க்க வேண்டியவை எல்லாம் ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு திசையில். சொதப்புவது அங்கேதான்.

முதல் தவறு மணிக்கணக்கில். கப்பல் காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்பினால் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கிடையாது. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். காலையில் குடியேற்றச் சோதனை, இறங்கும் வரிசை, வண்டிக்காகக் காத்திருப்பு. 2010இல் திறந்த இந்தத் துறைமுகம் நிலத்தைக் குடைந்து உருவாக்கியது. இறங்கியதும் கடைத்தெரு இருக்காது, நடந்தே வெளியே போய்விடவும் முடியாது. இதில் நம்மவர்கள் கப்பல் இட்லியை நிதானமாக முடித்துவிட்டுக் கடைசி ஆளாக வரிசைக்கு வருவார்கள். காசு கொடுத்தாயிற்றே! உண்மையில் கையில் நிற்பது ஆறரை, ஏழு மணி நேரம். நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்: கப்பலில் ஏற வேண்டிய நேரம், அதற்கு முன் ஒரு மணி நேரம் உபரி, அதற்கு முன் திரும்பும் பயணம். மிச்சம் இருப்பதுதான் உங்கள் பொழுது. ஒரு நல்ல விஷயம், இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

அந்த ஏழு மணி நேரத்தில் யால வனவிலங்குப் பூங்கா, கதிர்காமம் முருகன் கோவில், காலி நகரத்துக் கோட்டை மூன்றையும் திணிப்பது அடுத்த தவறு. காலி மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல், மற்ற இரண்டும் எதிர்த்திசையில். வண்டிக்காரர் எல்லாம் முடியும் என்றுதான் சொல்வார், அவர் பிழைப்பு அது.

யாலவுக்கு ஆசைப்பட்டு நாங்கள் ஒருமுறை போனோம். வாசலைத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேல். காடு திறப்பது காலை ஆறுக்கு, நாங்கள் உள்ளே நுழைந்தது உச்சி வெயிலில். சிறுத்தை நிழல் தேடிப் படுத்திருக்கும் நேரம். பார்த்தது இருபது ஜீப்புகளின் பின்பக்கமும் செம்மண் புழுதியும்தான். வறட்சிக் காலத்தில், பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டி, யாலவின் முதல் வட்டாரத்தை (Block 1) மூடிவிடுவதும் உண்டு. காடுதான் வேண்டுமென்றால் திஸ்ஸமகாராமை போகும் சாலையிலேயே பூந்தல தேசியப் பூங்கா இருக்கிறது. இலங்கையின் முதல் ராம்சார் சதுப்பு நிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி முக்கியமானதாக 1990இல் அறிவித்தது. நீர்ப்பறவை, முதலை, சில சமயம் யானை. கூட்டம் குறைவு. வலசைப் பறவைகளுக்கு மட்டும் செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான காலம் வேண்டும்.

என்னைக் கேட்டால் கதிர்காமம் ஒன்றே போதும். ஆனால் பழனி, திருச்செந்தூர் நினைப்போடு போனால் ஏமாற்றம்தான். கருவறையில் சிலை தெரியாது. வள்ளி, தெய்வானையோடு மயில்மேல் முருகன் வரைந்த திரைதான் தொங்கும். கும்பிட வேண்டியது அதைத்தான். ‘திரையை எப்போது விலக்குவார்கள்?’ என்று என் பக்கத்தில் ஒரு மாமி கால் மணி நேரம் காத்திருந்தார். விலக்க மாட்டார்கள். பூசை செய்வது கப்புறாளைகள் என்ற சிங்களப் பூசாரிகள், வாயைத் துணியால் மூடிக்கொண்டு. நட்சத்திரம், கோத்திரம் சொல்லி அர்ச்சனை கிடையாது. கடையில் பழத்தட்டு வாங்கிக் கொடுத்தால் பாதியைப் பிரசாதமாகத் திருப்பித் தருவார்கள். பகல் பூசை பத்தரைக்கு. அதைப் பிடிக்க வேண்டுமானால் கப்பல் இட்லியைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். மாணிக்க கங்கைப் பாலத்தைத் தாண்டிக் கோவில்வரை நடை இருக்கிறது, வயதானவர்களை அழைத்துப் போனால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இலங்கை என்றாலே தமிழில் சமாளித்துவிடலாம் என்பதும் இங்கே எடுபடாது. அரசுப் பலகைகளில் தமிழ் இருக்கும், தெருவில் சிங்களம்தான். ‘கீயத?’ என்றால் எவ்வளவு, ‘ஸ்தூதி’ என்றால் நன்றி, இரண்டும் போதும். நாம் மரியாதைக்குச் சொல்லும் ஐயாவுக்கு அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வண்டி பேசும்போது போக, வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக, இலங்கை ரூபாயா இந்திய ரூபாயா என்பதையும் சொல்லிப் பேசுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் மூன்றுக்கு மேல். இதைத் தெளிவாக்காமல் ஏறிவிட்டு இறங்கும்போது சண்டை போடுவதில் பயனில்லை.

கடலில் இறங்காதீர்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று. தென்கரையில் அலை மோசமாக இருக்கும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள், அங்கே அது பெரிய அவமரியாதை. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே ‘போயா’ என்ற பௌத்த விடுமுறை, பல கடைகள் திறக்காது. பயணத் தேதியை நாள்காட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடைகளில் எருமைத் தயிர் மண்சட்டிகளை உறியில் தொங்கவிட்டிருப்பார்கள். கத்தியால் வெட்டுகிற பதம். மேலே கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு, ஊற்றித் தருவார்கள். கப்பலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சட்டியோடு வந்து, ஏறும் இடத்தில் சோதனைக்காரரிடம் மன்றாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளி உணவைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள்.