இசைச் சந்தாவை விட்டு வெளியே வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் 9.99 டாலர் என்ற விலை பத்தாண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. 2022 அக்டோபரில் ஆப்பிள் மியூசிக் அமெரிக்காவில் அதை 10.99 ஆக்கியது. 2023 ஜூலையில் ஸ்பாட்டிஃபையும் அதே விலைக்கு வந்தது, மறு ஆண்டே 11.99 ஆனது. விலை ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் சந்தாவை நிறுத்திவிட்டுச் சொந்தமாகப் பாட்டுச் சேர்க்கக் கிளம்புகிறது. நல்ல முடிவுதான். ஆனால் முன்னால் போனவர்கள் இடறிய கல்லிலேயே பின்னால் வருகிறவர்களும் இடறுகிறார்கள், காரணம் அவசரம். பொறுமையாக ஒருமுறை செய்ய வேண்டியதை அவசரமாக இரண்டு முறை செய்கிறார்கள்.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, இலவச மாதம் முடியும் தேதியைக் குறித்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

நிறுத்திய பிறகு பட்டியலைத் தேடுவது

பல வருடமாகச் சேர்த்த பிளேலிஸ்ட்தான் உங்கள் உண்மையான சொத்து. சந்தா நின்றபின் சில சேவைகள் பட்டியலை விட்டுவைக்கும், சில நூலகத்தையே மறைத்துவிடும். அதனால் முதல் வேலை, பட்டியலை வெளியே எடுப்பது. சவுண்டீஸ், டியூன்மைமியூசிக் போன்ற கருவிகள் அதை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகக் கொடுக்கும். இலவசமாக எத்தனை பாடல் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதால் முக்கியமான பட்டியல்களை முதலில் எடுங்கள்.

கோப்பில் பாடல் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடும் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாகத் தரப்படும் எண் அது. அது இல்லாமல் வேறு சேவைக்கு மாற்றினால் ஸ்டுடியோப் பதிவு இருந்த இடத்தில் மேடைப் பதிவு வந்து உட்காரும், அல்லது வேறு யாரோ பாடிய கவர் வந்து சேரும்.

கூடவே கேட்ட வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்பாட்டிஃபையில் கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட வரலாறு என்று தனியாகக் கோர வேண்டும், வந்து சேர 30 நாள் வரை ஆகலாம். ஆகவே நிறுத்தப் போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே கோரிக்கையைப் போட்டுவிடுங்கள். இது எதற்கு என்று கீழே வரும்.

"டவுன்லோட் செய்துதானே வைத்திருக்கிறேன்" என்பது

சந்தாவில் டவுன்லோட் ஆனவை பூட்டிய கோப்புகள். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் சந்தா இருக்கும்போதே அவை ஓடாது. சந்தா முடிந்தால் அவையும் முடிந்தன.

சிடியை எம்பி3 ஆக மட்டும் ரிப் செய்வது

சிடியிலுள்ள பாட்டைக் கணினிக் கோப்பாக எடுப்பதுதான் ரிப். அதில் நடக்கும் இந்தத் தவறைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பணத்தைவிட நேரத்தைத் தின்னும் தவறு இது. ஒரே ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதால்தான் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல் வருகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். அலமாரியில் 500 சிடி. நிரலை நிறுவியதும் கண்ணில் படுவது எம்பி3, 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்). இடம் மிச்சம் என்று அதையே வைத்து ஆரம்பிக்கிறார். சிடியைப் போட்டு, ரிப் செய்து, பெயர் சரிபார்த்து, எடுத்து வைக்க ஒன்றுக்குப் பத்து நிமிடம். மொத்தம் 5,000 நிமிடம், அதாவது 83 மணி நேரம். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட மூன்று மாத வேலை. முடித்த கையோடு அலமாரியைக் காலி செய்யச் சிடிகளை விற்றுவிடுகிறார். ஒரு வருடம் கழித்து நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குகிறார். கைத்தட்டலிலும் சிம்பலிலும் தண்ணீர் சலசலப்பதுபோல ஓர் ஒலி கேட்கிறது. திரும்ப ரிப் செய்யச் சிடி இல்லை.

சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் 1,411 கேபிபிஎஸ். அதை 128க்குள் அடைக்கப் பதினொன்றில் பத்துப் பங்கைக் குறைத்தாக வேண்டும். எம்பி3 ஆக மாற்றும் என்கோடர் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடும். காது கவனிக்காது என்று கணித்தவற்றையும் கழித்துவிடும். கழித்தது கழித்ததுதான், எந்த நிரலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பிறகு அந்த எம்பி3யை போனுக்காக ஓபஸ், ஏஏசி போன்ற வேறு சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் இன்னொரு முறை கழியும். ஜெராக்ஸை வைத்து மறுபடி ஜெராக்ஸ் எடுப்பதுபோல.

இடம் மிச்சம் என்ற வாதமும் இன்று நிற்காது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று 500 சிடிக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3 29 ஜிபி பிடிக்கும். எதையும் இழக்காத ஃப்ளாக் வடிவில் இசையைப் பொறுத்து 150 முதல் 200 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தாண்டாது. மூன்று மாத உழைப்பை இந்த இடத்துக்காகவா விட்டுக்கொடுப்பது?

மாஸ்டர், அதாவது மூலப் பிரதி, ஃப்ளாக்கில் இருக்கட்டும். போனுக்கு வேண்டிய சிறு பிரதிகளை அதிலிருந்து எடுங்கள். ஓபஸில் 128 கேபிபிஎஸ் பெரும்பாலான காதுகளுக்குப் போதும். ஃபூபார்2000, ஃப்ரீஏசி போன்ற வடிவம் மாற்றும் நிரலிடம் கோப்புறையைக் காட்டிவிட்டுத் தூங்கப் போகலாம், இயந்திரம் செய்துவிடும். நாளை இதைவிட நல்ல வடிவம் வந்தாலும் அதே மாஸ்டரிலிருந்து இன்னொரு இரவில் எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை நிலைகள் உண்டு. எல்லாவற்றிலும் ஒலி ஒன்றே, அளவும் மாற்ற ஆகும் நேரமும்தான் வேறுபடும். வழக்கமான 5 போதும்.

வடிவம் பாதி வேலை. மீதி, சிடியைப் பிழையில்லாமல் படிப்பது. அதற்கான நிரல்கள் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். மூன்றிலும் கவனிக்க வேண்டியவை இவை:

பாதுகாப்பான முறையைத் தேர்ந்தெடுங்கள். வேகமுறையில் டிரைவ் படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பிவிடும், உங்களுக்குச் சொல்லாது. அடுத்து அக்யூரேட்ரிப்பை இயக்குங்கள். உங்கள் ரிப்பின் சரிபார்ப்பு எண்ணை, அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் எண்ணோடு அது ஒப்பிடும். பொருந்தினால் அந்தப் பாடலைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். டிரைவின் ஆஃப்செட்டையும், அதாவது படிக்கத் தொடங்கும் இடத்தில் டிரைவுக்கு டிரைவ் வரும் சிறு வித்தியாசத்தையும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அரிய சிடி, பட்டியலில் இல்லை என்றால் "டெஸ்ட் அண்ட் காப்பி" பயன்படுத்துங்கள். இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். ரிப்பின் விவரம் பதிந்த லாக் கோப்பை ஆல்பத்தோடு சேர்த்தே வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு பாட்டில் டிக் என்று சத்தம் கேட்டால், அது ரிப்பின் பிழையா மூலப்பதிவிலேயே உள்ளதா என்று சொல்ல அந்த ஒரு கோப்புதான் இருக்கும்.

சிடியைத் துடைப்பதிலும் தவறு நடக்கிறது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு ஓடும், பிழைதிருத்தம் அதைத் தாங்காது. குறுக்கே விழுந்த கீறலை அது எளிதில் சமாளிக்கும். பளபளக்கும் பக்கத்தைவிட அச்சிட்ட பக்கக் கீறல் ஆபத்தானது, ஏனென்றால் ஒலியைத் தாங்கும் உலோகப்படலம் அந்தப் பக்கத்து மேற்பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு டிரைவ் படிக்காத சிடியை இன்னொன்று படித்துவிடுவதும் உண்டு. கைவிடும் முன் மாற்றிப் பாருங்கள்.

மேடைக் கச்சேரி ஆல்பங்களில் இன்னொரு தொல்லை. எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு மௌனத்தைச் சேர்க்கும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கைத்தட்டல் அறுந்து அறுந்து கேட்கும். ஃப்ளாக்கில் அது நடக்காது.

சிடிகளைப் பெட்டியில் கட்டிப் பரணில் போடுங்கள், விற்காதீர்கள். மூலத்தை விற்றுவிட்டுப் பிரதியை வைத்திருப்பது பல நாடுகளில் சட்டச் சிக்கலும்கூட.

எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றுவது

கோப்பு பெருக்கும். ஒலி அப்படியே இருக்கும். வீடியோத் தளங்களிலிருந்து "320 கேபிபிஎஸ்" எம்பி3 எடுத்துத் தரும் வலைத்தளங்களும் இதைத்தான் செய்கின்றன. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற சிறு நிரலில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸில் கோடு போட்டு வெட்டியது தெரியும்.

கேட்ட எல்லாவற்றையும் வாங்க நினைப்பது

4,000 பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு வாங்கத் தொடங்கினால் இரண்டாம் மாதமே சலிப்பு வரும், திரும்பச் சந்தாவுக்கே போவீர்கள். அந்த வரலாற்றுக் கோப்பு இங்கேதான் உதவும். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி விநாடி ஓடியது என்று அதில் இருக்கும். 30 விநாடிக்குக் கீழே ஓடியதைக் கழித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்தில் பத்து முறைக்கு மேல் கேட்டதை மட்டும் வடிகட்டுங்கள். நீங்கள் நினைத்ததைவிடச் சிறிய பட்டியல் மிஞ்சும். அதிலிருந்து வாங்குங்கள். மற்றதற்கு இலவசத் திட்டமும் இணைய வானொலியும் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் கலைஞர்களே அனுமதித்த மேடைப் பதிவுகள் ஏராளம்.

எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். ஐடியூன்ஸ் ஸ்டோர் தருவது பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் ஏஏசி. கேட்க நன்றாகவே இருக்கும், மாஸ்டராக வைக்க ஏற்றதில்லை. பேண்ட்கேம்ப், கோபுஸ் இரண்டும் ஃப்ளாக்கில் தருகின்றன. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் எடுப்பது 15 விழுக்காடு, பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. எங்கே வாங்கினாலும் வாங்கிய அன்றே இறக்கி வைத்துவிடுங்கள். உரிமையாளர் ஆல்பத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டால் மறுபடி இறக்க முடியாமல் போகலாம்.

"ஆல்பம் ஆர்டிஸ்ட்" டேகைக் காலியாக விடுவது

டேக் என்பது கோப்புக்குள் எழுதிவைக்கும் பாடல் விவரம். ஒரே படத்தின் ஆறு பாடல்களை ஆறு பாடகர்கள் பாடியிருந்தால் பிளேயர் அதை ஆறு ஆல்பமாக உடைத்துவிடும். ஆர்டிஸ்ட் இடத்தில் பாடகர், ஆல்பம் ஆர்டிஸ்ட் இடத்தில் எல்லாப் பாட்டிலும் ஒரே இசையமைப்பாளர் பெயர், ஓரெழுத்துக்கூட மாறாமல். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற நிரல் இதை ஆல்பம் ஆல்பமாகச் செய்யும். முதல் பத்து ஆல்பத்திலேயே இந்த முறையை முடிவு செய்துவிடுங்கள். ஐந்நூறுக்குப் பிறகு திருத்துவது பெரிய வேலை.

வீட்டுச் சர்வரை இணையத்துக்குத் திறந்து வைப்பது

வீட்டிலுள்ள பாட்டுகளைப் போனுக்கு அனுப்பும் சர்வர் நிரல்களில் நாவிட்ரோம் நல்லது, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலேயே ஓடும். ஆனால் வெளியிலிருந்து கேட்க வேண்டும் என்று ரவுட்டரில் அதன் நுழைவாயிலான 4533 போர்ட்டை நேராகத் திறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமல் பயணிக்கும், தானியங்கி நிரல்கள் நாள் முழுக்கக் கதவைத் தட்டும். பாதுகாப்பான தனி இணைப்பு தரும் டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போட்டு உங்கள் போனுக்கு மட்டும் வழி விடுங்கள். அரை மணி நேர வேலை.

விபிஎன் போட்டு வேறு நாட்டு விலையில் சேர்வது

கணக்கு முடங்கலாம். பட்டியலும் அதோடு போகலாம்.

எல்லாம் ஒரே டிஸ்க்கில்

மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. பல டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு என்பது பேக்கப் இல்லை: தவறுதலாக அழித்த கோப்புறை அதன் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பிலும் ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளாக் நிரலின் சோதனைக் கட்டளையை முழு நூலகத்திலும் ஓட்டினால் கெட்டுப்போன கோப்பு எது என்று அதுவே சொல்லும். கெட்டதைப் பேக்கப்பின் மேல் நகலெடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

குடும்பத் திட்டத்தை ஒருவர் முடிவில் நிறுத்துவது

கட்டணம் கட்டுபவர் ரத்து செய்தால், கட்டிய காலம் முடிந்ததும் உடன் இருக்கும் ஐந்து பேருடைய டவுன்லோடுகளும் ஒன்றாக நின்றுபோகும். அவர்கள் யாரும் பட்டியலை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஒரு மாதம் முன்பே தேதியைச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து வரலாற்றைக் கோரட்டும், சிஎஸ்வியை எடுக்கட்டும். தனியாகத் தொடர விரும்புகிறவர் அந்த நாளுக்குள் தன் பெயரில் சந்தா மாற்றிக்கொள்ளட்டும். அதைப் போனின் ஆப் ஸ்டோர் வழியாகச் செய்யாமல் சேவையின் வலைத்தளத்திலேயே செய்யச் சொல்லுங்கள். ஸ்டோரின் கமிஷனையும் சேர்த்து அங்கே கூடுதல் விலை வைக்கும் சேவைகள் உண்டு, யூடியூப் பிரீமியம் ஐபோனில் அப்படித்தான்.