ஓஆர்எஸ் கரைப்பது எப்படி? முதலில் உங்கள் சொம்பை அளந்து பாருங்கள்

போன சித்திரையில் என் மகளுக்குப் பேதி. மூன்று வயது. மதியத்துக்குள் ஆறு தடவை போய்விட்டாள். மெடிக்கலில் ஓஆர்எஸ் பொட்டலம் (பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு, சர்க்கரைப் பொடி) வாங்கி வந்து, எப்போதும் தண்ணீர் வைக்கிற எவர்சில்வர் சொம்பில் கரைத்துக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தவள், அப்புறம் வாயே திறக்கவில்லை. அடம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "எதுல கரைச்சீங்க?" என்பதுதான். சொம்பின் உயரத்தைக் கையால் காட்டினேன். "அது ஒரு லிட்டர் பிடிக்குமா? அளந்து பாத்தீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அளந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சொம்பில் கவிழ்த்தேன். விளிம்பு தாண்டி வழிந்தது. பாட்டிலில் இன்னும் கால் பங்குக்கு மேல் தண்ணீர் நின்றது. அத்தனை உப்பான கரைசலைத்தான் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

அளவு

பெரிய பொட்டலம் ஏறக்குறைய 21 கிராம் இருக்கும். அது முழுசாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. தண்ணீர் குறைந்தால் உப்பு மிஞ்சிவிடும். சின்னக் குழந்தைக்கு அது ஆபத்து. தண்ணீர் கூடினால் கரைசலுக்குப் பலன் இருக்காது. இதில் சர்க்கரை ருசிக்காகச் சேர்ந்தது இல்லை. குடலில் குளுக்கோஸ் என்ற இந்தச் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பில் உள்ள சோடியத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். சர்க்கரையை அதற்கு மேல் அள்ளிப் போட்டால் குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேதி கூடும்.

சொம்பு, ஜக், டம்ளர் எதையும் கண்ணால் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில்தான் என் கணக்கில் சரியான அளவை. வீட்டில் இருக்கும் ஒரு பாத்திரத்தில் அதை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்தாலும் தப்பு வராது.

"இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி" என்று பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது. உள்ளே உப்பும் சர்க்கரையும் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கரைப்பது

தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, அப்புறம் பொட்டலத்தை முழுதாகக் கொட்டிக் கலக்குங்கள். கரைத்த பிறகு சுட வைக்கக் கூடாது. பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் வேண்டாம். மூடி வையுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

கொடுப்பது

பால் பாட்டில் வேண்டவே வேண்டாம். அதைச் சுத்தமாக வைப்பது பெரும்பாடு. பாட்டி காலத்துப் பாலாடைக்கு (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) இணை எதுவும் இல்லை. கிடைக்காவிட்டால் டீஸ்பூன். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி உள்ளே போக வேண்டும்.

வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்திவிடுகிறோம். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று திரும்பத் தொடங்குங்கள். என் மகளுக்குச் சரியான அளவில் கரைத்துக் கொடுத்தபோது முதல் இரண்டு ஸ்பூன் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் தங்கியது.

தாய்ப்பால், இட்லி, குழைந்த சாதம், தயிர் சாதம் எதையும் நிறுத்த வேண்டாம். கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை: 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. பேதி நின்றதும் பலர் இதை நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளும் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலமும் மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கண் குழி விழுந்திருக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் இறங்குகிறது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லாவிட்டால் 108. போகும் வழியிலும், குடிக்க முடிந்தால் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கும் இந்தக் கரைசலை லேசாக நினைக்காதீர்கள். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். அங்கே நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

பின்னால் சேர்த்தது

பதிவைப் படித்துவிட்டு ஒரு அம்மா எழுதியிருந்தார்: அவர் வாங்கியது சின்னப் பொட்டலம், அதை ஒரு லிட்டரில் கரைத்துவிட்டார். நான் முதலில் இதை எழுதாமல் விட்டது தவறு. நாலு கிராம் சொச்சம் உள்ள சின்னப் பொட்டலம் 200 மில்லிக்குத்தான். வாங்கியதும் அட்டையில் எத்தனை மில்லி என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு பிள்ளை மட்டும் இருக்கும் வீட்டுக்கு எனக்கு இப்போது சின்னதே பிடிக்கிறது. அவ்வப்போது புதிதாகக் கரைக்கலாம், வீணாகாது.

இன்னொருவர் அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவை பானம் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். அவற்றில் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பழைய சரக்கு கடையில் இருந்தால் ஏமாறாதீர்கள்.

ராத்திரியில் பொட்டலம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கத்தியின் முதுகால் வழித்து அளங்கள். குவித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டு வாயில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள். விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிடுங்கள்.