நண்பரோடு நிதானமாக ஒரு மதியம்: நண்டும் பதனீரும்

மதியச் சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் ஆற அமர நடத்த, வேகமாகத் தின்ன முடியாத பண்டம் வேண்டும். நண்டு அப்படிப்பட்டது. ஓட்டை உடைத்து, காலை உறிஞ்சி, நோண்டி எடுக்கும் நேரத்தில் பேச்சு தானாக வளரும். கூடக் குடிக்க, இராமநாதபுரம் கடற்கரையில் பதனீரை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கான கணக்கு இது.

மாசி, பங்குனிதான் நல்ல காலம். பனையில் பாளை சீவத் தொடங்கியிருப்பார்கள், கடலுக்கும் தடை வந்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெரிய மீனுக்கு விலை ஏறிவிடும். நண்டைப் பொறுத்தவரை கவலை இல்லை, நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலை போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். மாலையில் விட்ட வலையை விடியலில் வாங்கி வருவதால், ஏழு மணிக்குள் கரைக்குப் போய்விடுங்கள்.

முதலில் பதனீர். சாயல்குடி, கடலாடிப் பக்கமும் தங்கச்சிமடத்திலும் பனை அதிகம். காலையில் இறக்கியதாகப் பார்த்து ஒன்றரை லிட்டர் வாங்குங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார்கள். அது இல்லாவிட்டால் ஈஸ்ட் வேலை செய்து பதனீர் கள்ளாகிவிடும். கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் நுரை தள்ளி, புளித்த வாடை வரும். கூடினால் நாக்கு தடித்த மாதிரி இருக்கும். கூடியதைச் சரிசெய்யலாம்: அரை மணி அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக வடித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். புளித்ததை மீட்க வழியில்லை. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு கசந்த இனிப்பு நெடுநேரம் தங்கினால் சாக்கரின் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். நல்ல பதனீரில் இனிப்போடு பனையின் வாசமும் சேர்ந்து வரும்.

வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் தூக்கிலோ மண்பானையிலோ ஊற்றிக் குளிரில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். பாட்டிலில் மூடியை இறுக்கி வைப்பதும் ஆபத்து. புளிக்கத் தொடங்கினால் காற்று சேர்ந்து வெடிக்கும்.

நீலக்கால் நண்டு நான்கு, மொத்தம் 700 கிராம் போதும். ஆண் நண்டு நீலமாக, அடிவயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருக்கும். பெண் பழுப்புப் பச்சை, மடல் அகலம். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்: அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கால் தொங்கிக் கிடந்தால், அமோனியா நெடி அடித்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்து தெரியும் நண்டை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை அது கடலுக்குத் திரும்பாது.

மேல் ஓட்டைக் கழற்றி, இருபுறமும் பஞ்சுபோல் இருக்கும் செவுளைப் பிய்த்து எறிந்துவிட்டு, உடலை இரண்டாக வெட்டுங்கள். மஞ்சள் கொழுப்பைக் கழுவிவிட வேண்டாம், ருசி அதில்தான். கொடுக்குகளை அம்மிக்குழவியால் ஒரே தட்டு. விரிசல் விட்டால் போதும். நொறுக்கினால் ஓட்டுத் துணுக்கு மசாலாவில் கலந்து பல்லில் அகப்படும்.

மசாலாவுக்கு நம் ஊர் முண்டு மிளகாய் 8. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் தடித்தது என்பதால் பெரிய தீயில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சிறு தீயில் வறுத்து, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சோம்பு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு 6 பல் சேர்த்து விழுதாக அரையுங்கள். இதெல்லாம் பதினொரு மணிக்குள் முடிய வேண்டும். ஆள் வந்த பிறகு அரைத்துக்கொண்டிருந்தால் அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

குழம்பும் அப்படியே. விளைமீன் அரைக் கிலோ, காலை பத்து மணிக்கே மண்சட்டியில் வைத்து இறக்கிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் நின்றால்தான் புளியும் காரமும் மீனுக்குள் இறங்கும்.

பன்னிரண்டரைக்குக் கூட்டாளி வந்ததும் நுங்குச் சுளையைப் பிய்த்துப் போட்டு ஆளுக்கு ஒரு தம்ளர் பதனீர். பனையோலைப் பட்டை கிடைத்தால் அதிலேயே ஊற்றுங்கள்; பச்சை ஓலையின் மணம் சேரும். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பைப் பற்றவைத்து, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம், தக்காளி ஒன்று வதக்கி, விழுதைப் போட்டு எண்ணெய் பிரியவிடுங்கள். பிறகு நண்டு, உப்பு, கால் தம்ளர் தண்ணீர். நண்டே நீர் விடும், அதற்குமேல் ஊற்றினால் மசாலா ஓட்டில் பிடிக்காது. மூடி 10 நிமிடம், திறந்து 4 நிமிடம். கூடுதலாக வெந்தால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், நோண்டினாலும் வராது.

சோறில்லாமல் நண்டை மட்டும் தனித் தட்டில் வையுங்கள். நடுவில் ஓடு போட ஒரு கிண்ணம், கைகழுவ எலுமிச்சைத் துண்டு போட்ட வெந்நீர். மிளகுக் காரம் ஏற ஏறப் பதனீர் ஒவ்வொரு மடக்காகப் போகும். காரமும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கும். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

சோறும் குழம்பும் இரண்டரைக்குமேல். அப்போது பதனீரை எடுத்துவிடுங்கள். புளிக்குழம்புக்குப் பக்கத்தில் அது வெறும் சர்க்கரைத் தண்ணீராகத் தோன்றும். சீரகத் தண்ணீர் போதும். முடிவில் கீழக்கரைத் தொதல் (அல்வா போன்ற இனிப்பு) விரல் நீளத் துண்டு, இஞ்சி தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி. தொதலை முதல்நாளே வாங்கி வைக்கலாம், கெடாது.

பதனீர் மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்க முடியாது. அன்று சாயங்காலமே பச்சரிசி, பாசிப்பருப்பு போட்டுப் பொங்கல் வைத்துவிடுங்கள்; ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு பதனீர். பால் சேர்க்க வேண்டாம்.